பெருஜியாவில் காரை மேலே ஏற்றாதீர்கள்

இத்தாலியின் மலை நகரமான பெருஜியா போகிறவர்கள் காரை மலைமேல் கொண்டுபோகாமல் கீழே பியாத்சா பார்த்திஜானி சதுக்கத்து நிறுத்துமிடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்தே கிளம்பும் நகரும் படிக்கட்டில் ஏறிவிடுங்கள், படிக்கட்டுக்குக் காசே கிடையாது. பழைய ஊருக்குள் பல நேரங்களில் அனுமதி இல்லாத வண்டிகளுக்குத் தடை, கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும், அபராதம் பல மாதம் கழித்துக்கூட வரும், வாடகைக் கார் என்றால் கம்பெனியும் தனியாக ஒரு கட்டணம் பிடித்துக்கொள்ளும். அப்புறம், அந்தப் படிக்கட்டு ரோக்கா பாவ்லினா கோட்டைக்குள் புகுந்து போகிறது. 1540களில் போப் மூன்றாம் பால் கோட்டை கட்டியபோது அடியில் புதைந்துபோன தெருக்களும் வீட்டுச் சுவர்களும் அப்படியே நிற்கின்றன, அவசியம் நின்று பாருங்கள். இன்னொரு இத்தாலிய மலை நகரமான சியெனாவிலும் ரயில் நிலையத்திலிருந்து இப்படி நகரும் படிக்கட்டில் ஏறலாம்.

பெருஜியாவில் நள்ளிரவு தாண்டிச் சில மணி நேரம் படிக்கட்டு ஓடாது. தங்கும் ஹோட்டல் தடைப் பகுதிக்குள் இருந்தால், வண்டி எண்ணை அவர்களிடம் முன்கூட்டியே பதியச் சொல்லிவிட்டு, சாமான் இறக்க மட்டும் உள்ளே போகலாம்.