கடைசி எண்ணில் கை வைத்த காசு: திருத்திய நாணயத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

போலிக் காசில் முழுக் காசும் பொய், எங்கேயாவது உதைக்கும். திருத்திய காசு அப்படி இல்லை. காசு அசல், நாணயச் சாலையில் அடித்தது, ஆனால் கடுகளவு இடத்தில் மட்டும் யாரோ கை வைத்திருப்பார். புதிதாகச் சேர்க்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

நானும் மாட்டினேன். பாராளுமன்றக் கட்டடம் போட்ட நம் மலேசியாவின் முதல் நாணய வரிசையில் (1967-1988) 1971இன் 10 காசு எல்லாரும் தேடுவது. சந்தை ஒன்றில் அதைப் பார்த்ததும், பேரம்கூடப் பேசாமல் 80 வெள்ளியை (ரிங்கிட்) எண்ணிக் கொடுத்துவிட்டு, மாமாக் கடையில் தே தாரே சொல்லிவிட்டு ஆற அமர லென்ஸில் பார்த்தால், கடைசி 1 லேசாகச் சாய்ந்து நிற்கிறது. 1977இன் 7க்குத் தலையைச் சீவியிருக்கிறார்கள்!

சரி, வேலைக்கு வருவோம். 10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு, விட்டம் அளக்க ஒரு காலிப்பர், சின்னக் காந்தம். இவற்றைவிட முக்கியமானது, நீங்கள் வாங்கப்போகும் அதே வகைக் காசில் மலிவான ஒன்று. ஒப்பிட எதுவும் கையில் இல்லாமல் லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் எடை. பழைய 10 காசு 2.82 கிராம், 20 காசு 5.65, 50 காசு 9.33. தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை. ரொம்பக் குறைந்தால், அதை "மெல்லிய தகட்டில் அடித்த அபூர்வப் பிழை" என்று விற்பார்கள். அப்போது விட்டத்தை அளந்து பாருங்கள். காசு அடிக்கும்போது அதைச் சுற்றி ஒரு எஃகு வளையம் இருக்கும், அதனால் தகடு மெலிதாக இருந்தாலும் விட்டம் சரியாகவே வரும். அமிலத்தில் ஊறிய காசு எல்லாப் பக்கமும் கரைவதால் விட்டமும் சுருங்கிவிடும், எழுத்துகள் சூம்பிப்போகும், விளிம்பு வரிகள் மழுங்கிக் கிடக்கும்.

அப்புறம் காந்தம். ஆரம்ப வருடங்களின் 1 காசு வெண்கலம், காந்தத்தில் ஒட்டாது. 1973க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் செம்பு போர்த்திய எஃகு, ஒட்டும். 1967 என்று போட்ட 1 காசு காந்தத்தில் தொங்கினால் விற்பவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி வருடம். இங்கே தராசு உதவாது, சுரண்டி எடுத்த உலோகம் அதில் தெரியாத அளவு. காசை ஒற்றை விளக்கின் கீழே பிடித்து மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். அதிகம் தேயாத காசில் பளபளப்பு சக்கரம் சுற்றுவதுபோல் ஓடும், கை வைத்த இடத்தில் மட்டும் அது நின்றுவிடும், அல்லது அந்த இடம் கண்ணாடிபோல் அதிகமாக மின்னும். 1971க்கு ஒரு வசதி உண்டு, அதிலேயே இரண்டு 1 இருக்கிறது. முதல் 1ஐயும் கடைசி 1ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தடிமன், அடிப்பாகம், நிமிர்ந்து நிற்கும் விதம். இதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்திருந்தால் எனக்கு 80 வெள்ளி மிச்சம்.

இரண்டு பக்கமும் ஒரே படம் உள்ள காசு கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். ஒன்றைக் குடைந்து இன்னொன்றின் பாதியை உள்ளே பொருத்தும் மேஜிக் காசாகவே அது இருக்கும். விளிம்பை ஒட்டி உள்பக்கம் மெல்லிய கோடு ஓடும். மேசையில் போட்டால் சத்தமும் மந்தமாக வரும்.

பழைய வெள்ளி டாலர் நாணயங்களின் விஷயம் தனி. நம் பாட்டிமார் பலர் அதில் வளையம் வைத்துக் கழுத்தில் போட்டிருந்தவர்கள், அதனால் வளையத்தைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, தேய்த்து விற்கப்படும் டாலர்கள் நிறைய. படத்தை ரசிப்பதற்கு முன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் வரிகள் அறுந்து நிறம் மாறியிருந்தால் அதுதான் பற்றவைத்த இடம். 1895 முதல் 1935 வரை அடித்த பிரிட்டிஷ் வர்த்தக டாலர் 26.95 கிராம் இருக்க வேண்டும். அதில் சீன வணிகர்கள் குத்திய சின்ன முத்திரைகள் இருந்தால் பயப்பட வேண்டாம், வெள்ளியைச் சோதித்துப் பார்த்ததற்கான அடையாளம் அது, எனக்குப் பிடித்ததும் அந்த மாதிரி டாலர்தான். அந்தக் குத்துகளை நிரப்பி மழுப்பியிருந்தால்தான் தப்பு.

வீட்டில் கிடைத்த காசைப் புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். லென்ஸில் அந்தக் கீறல்கள் அத்தனையும் தெரியும், சேகரிப்பவர்கள் கணக்கில் அதுவும் கை வைத்த காசுதான்.

பினாங்கில் இருப்பவர்கள் பழகிப் பார்க்க லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள், வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும். தராசை எடுக்கும் முன் "பாக்சிக், நிறுத்துப் பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நகருங்கள்.