ஊட்டிப் பக்கம் போனால் காட்டு ரோஜாவைப் பார்ப்பது எப்படி?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பூக்கடை வைத்திருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் கிளம்புகிறவர்கள், “அக்கா, ரோஜாக் குச்சி கொண்டு வரட்டுமா?” என்பார்கள். வேண்டாம், பார்த்துவிட்டு வாங்க.

தேட வேண்டியது ரோசா லெஷனால்டியானா. தென்னிந்திய மலைகளுக்கே உரிய காட்டு ரோஜா. சோலைக்காட்டு ஓரத்தில், மரத்தில் தொற்றி ஏறும் கொடியைப் பாருங்கள். வெள்ளைப் பூ, ஐந்தே இதழ். மாலை கட்டும் ரோஜாவின் அடுக்கு இருக்காது. கிட்டே போய் நடுவைக் கவனியுங்கள்: மகரந்தத் தாள்களுக்கிடையே சூல்தண்டுகள் (பூவின் பெண் பாகத்துத் தண்டுகள்) ஒட்டிச் சேர்ந்து சின்னத் தூண் மாதிரி நிற்கும். முள் கொக்கியாக வளைந்திருக்கும், சேலை பத்திரம்.

தேயிலைக்காகச் சோலையை வெட்டினார்கள். அப்புறம் யூகலிப்டஸும் சீகை என்கிற வாட்டில் மரமும் நட்டார்கள். எஸ்டேட்டில் வளர்ந்த நமக்கு இந்தக் கதை புதிதா? மிச்சமிருக்கும் கொடியில் ஆளுக்கொரு குச்சி ஒடித்தால் என்ன மிஞ்சும்? மலைக்குளிரில் வளர்ந்தது, நம்மூர் வெக்கையில் பிழைப்பது கஷ்டம். அனுமதி இல்லாமல் செடி கொண்டுவருவதும் சட்டப்படி குற்றம்.

படம் எடுங்கள், இடத்தை மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். ரோஜா வளர்க்க ஆசையா? சரி, கேமரன் மலை நர்சரியில் தொட்டியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.