வாடகைக்கு விட முதல் ஃபிளாட்: கைக்காசு எவ்வளவு போகும் என்று முதலில் எழுதுங்கள்

தாம்பரத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். 2023 கடைசியில் ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு சிங்கிள் பெட்ரூம் பழைய ஃபிளாட் வாங்கினேன். விலை 26 லட்சம். "வர்ற வாடகையிலேயே இஎம்ஐ கட்டிடலாம்மா" என்றார் புரோக்கர். கட்ட முடியாது. சென்னைப் பக்கம் வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். 30 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அந்த மதிப்பு வங்கியின் மதிப்பீட்டாளர் போடுவது. எனக்கு அவர் போட்டது 24 லட்சம். கிடைத்த கடன் 20 லட்சம். மீதி 6 லட்சம் என் பணம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 2,34,000 ரூபாய். இதற்குக் கடன் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கர் கமிஷன், வக்கீல், வங்கிச் செலவு, பெயின்ட், குழாய் மாற்றியது எல்லாம் சேர்த்து, அந்த 6 லட்சத்தோடு மொத்தம் ஒன்பது லட்சம் என் கையிலிருந்து கரைந்துவிட்டது.

8.5 சதவீத வட்டி, 20 வருடம். இஎம்ஐ 17,356. முதல் மாதத் தவணையில் 14,167 வட்டிக்கே போயிற்று; அசலில் கழிந்தது வெறும் 3,189. வாடகை 9,500. அதாவது மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து 7,856 ரூபாய் போட வேண்டும். இந்த ஒரு எண்ணைப் பேப்பரில் எழுதிவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுங்கள். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் முழுத் தவணையும் நம் தலையில்தான். அதற்காக ஆறு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். அதனால்தான் நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

அப்புறம் பத்திரம். வில்லங்கச் சான்றை, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, கடன் எல்லாவற்றின் பட்டியலை, 30 வருடத்துக்குப் போட்டு, வக்கீலிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். என் ஃபிளாட்டின் வில்லங்கத்தில் 2014-இல் ஒரு பதிவு இருந்தது: உரிமை ஆவணங்களை ஒப்படைத்து ஒரு வங்கியில் கடன். அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் அதற்குக் கீழே எங்குமே இல்லை. "அதெல்லாம் எப்பவோ கட்டியாச்சு" என்றார் விற்றவர். கட்டியது உண்மைதான். ஆனால் பதிவாகாதவரை பத்திர அலுவலகக் கணக்கில் அந்தக் கடன் உயிரோடுதான் இருக்கிறது. அவர் அலைந்து ரசீதைப் பதிவு செய்ய மூன்று வாரம் ஆனது. அதுவரை நான் அட்வான்ஸைத் தாண்டி ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

ஃபிளாட் என்றால் பிரிக்கப்படாத பாகம், அதாவது மொத்த மனையில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். கட்டடம் தேயும், மண்தான் விலை ஏறும். கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபி ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் உங்கள் ஃபிளாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதியில்லாத மாடி மலிவாகத்தான் கிடைக்கும். வங்கி அதற்குக் கடன் தராது.

வரி விஷயம் சுருக்கமாக: சொத்துவரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதம் தானாகக் கழியும், கடன் வட்டியையும் கழிக்கலாம். அதனால் வரும் நஷ்டத்தைப் பழைய வருமான வரி முறையில் வருடம் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம், புதிய முறையில் முடியாது. எந்த முறை என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

குடிவைக்கும்போது வாய்ப்பேச்சு வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பத்து மாதம் வாங்கு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் 28,500தான் வாங்கினேன். வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி. சாவி கொடுக்கும் முன் மின் மீட்டரையும் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து அவர்களுக்கே அனுப்பினேன். இரண்டு வருடமாக அவர்கள்தான் இருக்கிறார்கள். வாடகை இப்போது 10,500. நான் கையிலிருந்து போடுவது 6,856.