நேப்பியர் பாலத்திலிருந்து மெர்கிஸ்டன் கோட்டை வரை: ஸ்காட்லாந்துப் பிரபுக் குடும்பத்தின் வம்சாவளியை வரைவது எப்படி?

சென்னையில் இருப்பவர்கள் நேப்பியர் பாலத்தைக் கடக்காமல் இருந்திருக்க முடியாது. 1869-இல் அந்தப் பாலம் எழுந்தபோது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பிரான்சிஸ் நேப்பியர். பத்தாவது நேப்பியர் பிரபு. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த மடக்கையை 1614-இல் உலகுக்குத் தந்த ஜான் நேப்பியர் இவருடைய மூதாதை.

இந்த இருவரையும் ஒரு கோட்டில் சேர்த்துப் பார்க்கத்தான் நான் முதன்முதலில் உட்கார்ந்தேன். அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கும் அப்பா என்று ஏறிக்கொண்டே போனால் ஜான் நேப்பியர் வந்துவிடுவார் என்று நம்பினேன். வரவில்லை. வேறொரு குடும்பம் வந்து நின்றது: தர்ல்ஸ்டேன் ஊர் ஸ்காட் குடும்பம். ஆளுநர் நேப்பியர் தந்தைவழியில் நேப்பியரே இல்லை! அந்த முடிச்சை அவிழ்த்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். வேறு எந்த ஸ்காட்லாந்துக் குடும்பத்தை எடுத்தாலும் இதே வழி உதவும்.

படி 1: ஒரு கோடு போதாது, நான்கு வேண்டும்

ஒரு பெரிய தாளும் நான்கு நிறப் பேனாக்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த உறவுக்கு ஒரு நிறம், பட்டத்துக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று. ஸ்காட்லாந்தில் இந்த நான்கும் சேர்ந்தே போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரே மனிதர் இறந்ததும் பட்டம் ஒரு வீட்டுக்கும் நிலம் இன்னொரு வீட்டுக்கும் போகலாம். இந்த நான்கையும் ஒரே கோடாக வரைவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

படி 2: பட்டங்களின் பெயரைப் புரிந்துகொள்ளுங்கள்

மேலிருந்து கீழாக டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், அதற்கடுத்து 'லார்ட் ஆஃப் பார்லிமென்ட்'. இங்கிலாந்தில் கடைசிப் படியில் இருப்பவர் பாரன். ஸ்காட்லாந்தில் பாரன் என்றால் 2004 வரை நிலத்தோடு ஒட்டியிருந்த பழைய உரிமை, அது பிரபுப் பட்டம் இல்லை. லெய்ர்ட் என்பவர் நிலக்கிழார். பாரனெட் என்பது வாரிசுரிமையாக வரும் 'சர்' பட்டம்.

ஒரு லார்டின் மூத்த மகனை 'மாஸ்டர் ஆஃப் நேப்பியர்' என்பதுபோல அழைப்பார்கள். வாரிசு பெண்ணாக இருந்தால் 'மிஸ்ட்ரஸ்'. பழைய ஆவணத்தில் மாஸ்டர் என்று பார்த்ததும் பள்ளி ஆசிரியர் என்று எண்ணிவிடாதீர்கள்.

எண்களிலும் கவனம் தேவை. ஜான் நேப்பியர், தலைப்பில் வரும் மெர்கிஸ்டன் என்ற குடும்ப நிலத்தின் எட்டாவது லெய்ர்ட், ஆனால் லார்ட் இல்லை. 1627-இல் அவருடைய மகன் ஆர்ச்சிபால்டுதான் முதல் லார்ட் நேப்பியர் ஆனார். 'பத்தாவது லார்ட்' என்றால் பட்டம் வகித்தவர்களில் பத்தாவது ஆள் என்று பொருள். பத்தாவது தலைமுறை என்று பொருள் இல்லை.

படி 3: அச்சு நூலிலிருந்து எலும்புக்கூட்டை எடுங்கள்

நேராக ஆவணக் காப்பகத்துக்குள் இறங்காதீர்கள். முதலில் ஜேம்ஸ் பால்ஃபர் பால் தொகுத்த 'தி ஸ்காட்ஸ் பியரேஜ்' என்ற நூலைத் திறங்கள். 1904 முதல் 1914 வரை ஒன்பது தொகுதிகளாக வந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பட்டங்கள் அகர வரிசையில் இருக்கும், நேப்பியர் ஆறாம் தொகுதியில்.

இந்த நூலை நான் விரும்புவதற்கு ஒரே காரணம் அதன் அடிக்குறிப்புகள். இன்னார் இன்னாரின் மகன் என்று சொல்லிவிட்டு, எந்தப் பதிவேட்டிலிருந்து அது தெரிந்தது என்றும் கீழே காட்டும். அந்த அடிக்குறிப்புகளை விடாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் அவைதான் வழிகாட்டி. இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த குடும்ப மரங்கள் இதைவிட எளிதாகக் கிடைக்கும். ஆதாரம் காட்டாத மரத்தை நான் தொடுவதே இல்லை.

படி 4: பட்டம் யாருக்குப் போக வேண்டும் என்ற விதியைத் தேடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, பொறுமையாகப் படியுங்கள்.

பிரபுப் பட்டம் தரும்போது அரசர் ஒரு சாசனம் கொடுப்பார். தனக்குப் பின் யாருக்கு என்ற வாரிசு விதி அதில் எழுதியிருக்கும். 'உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு மட்டும்' என்றிருந்தால் மகள்களுக்கு வழியில்லை. 'வாரிசுகள் யாராயினும்' என்றிருந்தால் மகள் வழியிலும் போகும். ஸ்காட்லாந்தில் இன்னொரு வசதியும் இருந்தது. பட்டத்தை அரசரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிய விதியோடு மறுபடி வாங்கிக்கொள்ளலாம். 1707-இல் இங்கிலாந்தோடு நாடு இணையும் வரை இது நடந்தது.

நேப்பியர் குடும்பத்தில் நடந்ததைப் பாருங்கள். மூன்றாவது லார்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை. 1677-இல் அவர் பட்டத்தை ஒப்படைத்து, தன் சகோதரிகளுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் போகும்படி புதிய சாசனம் வாங்கினார். 1683-இல் இறந்தார். பிறகு பட்டம் போன வழி இது:

நான்காவது லார்ட், தாமஸ் நிக்கல்சன். மூன்றாவது லார்டின் மூத்த சகோதரி ஜீனின் மகன். ஆங்கில நூல்களில் நெஃப்யூ என்றிருக்கும். நமக்கு அவர் மருமகன். 1686-இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

ஐந்தாவதாக வந்தவர் மார்கரெட். ஜீனின் தங்கை, அதாவது தாமஸுக்குச் சித்தி. ஜான் பிரிஸ்பேனின் மனைவி. 1706-இல் மறைந்தார். அவருடைய மகள் எலிசபெத், மிஸ்ட்ரஸ் ஆஃப் நேப்பியர், அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டார்.

ஆகவே ஆறாவது லார்ட், எலிசபெத்தின் மகன் பிரான்சிஸ் ஸ்காட். மார்கரெட்டுக்கு மகள் வயிற்றுப் பேரன். அப்பா தர்ல்ஸ்டேனின் சர் வில்லியம் ஸ்காட். சின்னஞ்சிறு வயதில் பட்டம் வந்தது, நேப்பியர் என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார்.

ஆறிலிருந்து பத்து வரை அப்பாவுக்குப் பின் மகன் என்று நேராக வருகிறது. எனவே ஆளுநரிலிருந்து ஒன்பது படி ஏறினால் ஜான் நேப்பியர். இடையில் எலிசபெத், மார்கரெட் என்று அடுத்தடுத்து இரண்டு பெண்கள். மூன்றாவது, நான்காவது லார்டுகள் அந்த நேர்க்கோட்டில் இல்லவே இல்லை.

பக்கத்துக் கோடுகளையும் பாருங்கள். 1627-இல் இதே குடும்பம் பெற்ற பாரனெட் பட்டம் ஆண்வழிக்கு மட்டுமானது. அது 1683-இல் லார்ட் பட்டத்திலிருந்து பிரிந்து உறங்கிப்போனது. 1817-இல்தான் மில்லிகன் நேப்பியர் என்பவர் தான் ஆண்வழி வாரிசு என்று நிறுவி அதை எழுப்பினார். தாமஸ் நிக்கல்சன் இறந்தபோது நேப்பியர் பட்டம் சித்திக்குப் போனது, அவருடைய தந்தைவழிப் பாரனெட் பட்டம் நிக்கல்சன் குடும்பத்து ஆணுக்குப் போனது. நான்கு நிறம் ஏன் வேண்டும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

உறவுகளைத் தமிழிலேயே எழுதிவையுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஆங்கிலத்தில் ஆன்ட், அங்கிள், கசின் என்று முடிந்துவிடுவதை நாம் அத்தையா சித்தியா, மாமாவா சித்தப்பாவா என்று பிரித்துக் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதே தந்தைவழியா தாய்வழியா என்பது தெளிவாகிவிடும்.

படி 5: ஒவ்வொரு கண்ணிக்கும் ஆவணம்

1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு ஸ்காட்லாந்தில் சட்டப்படி கட்டாயம். இறப்புப் பதிவில்கூட அப்பா பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் பெயர் தேடுவது இலவசம், பதிவின் படத்தைப் பார்க்கத்தான் கட்டணம்.

அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுகள். மிகப் பழையது எரல் என்ற ஊரில் 1553-இல் தொடங்குகிறது. பிரபுக்களில் பலர் எபிஸ்கோபல் என்ற வேறொரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால் ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லாமல் போகலாம். சோர்ந்துவிடாதீர்கள், பிரபுக்களுக்கு நிலம் இருந்தது. நிலம் இருந்தால் காகிதம் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ரெட்டூர். ஒருவர் இறந்ததும் அவருடைய நிலத்துக்கு உண்மையான வாரிசு யார் என்று உள்ளூர் ஜூரி விசாரித்து, முடிவை அரசு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பும். அந்த அறிக்கைதான் ரெட்டூர். இறந்தவருக்கு இவர் என்ன உறவு என்பது அதில் எழுதியிருக்கும். 1652 முதல் 1659 வரையிலான சில ஆண்டுகள் தவிர, 1847 வரை எல்லாம் லத்தீனில்தான். ஆனால் சொற்கள் திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வருவதால் நான்கைந்து படித்தால் பழகிவிடும்.

அடுத்தது சேசின் பதிவேடு, 1617-இல் தொடங்கியது. நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல ஒரு நிலம் யார் யார் கையில் இருந்தது என்று இதில் பின்தொடரலாம். அந்தக் காலத்தில் நிலத்தை ஒப்படைக்கும்போது அந்த மண்ணில் நின்று ஒரு பிடி மண்ணும் கல்லும் எடுத்துக் கையில் கொடுப்பார்கள். பதிவேட்டில் அந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மூன்றாவது டெஸ்டமென்ட், அதாவது உயில் பதிவு. 1868 வரை நிலத்தை உயிலில் எழுதிவைக்க முடியாது. பணம், கால்நடை, தட்டுமுட்டுச் சாமான் போன்றவைதான் அதில் வரும். நிலம் தானாகவே மூத்த மகனுக்குப் போய்விடுவதால் உயிலில் அவர் பெயரே இல்லாமல் இருக்கலாம். பெயர் இல்லை என்பதை வைத்து மூத்த மகன் முன்பே இறந்துவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது.

படி 6: தடுக்கிவிடும் சொற்கள்

'ரெலிக்ட்' என்றால் இன்னாரின் விதவை. 'அம்க்வைல்' என்றால் காலஞ்சென்ற. 'ஆஃப் தட் இல்க்' என்றால் குடும்பப் பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்றே என்று பொருள். 'ஓய்' என்பது பேரப்பிள்ளை. லத்தீன் 'நெபோஸ்' பேரனையும் குறிக்கும், உடன்பிறந்தோர் மகனையும் குறிக்கும். அதை மட்டும் வைத்துக் கோடு போடாதீர்கள், இன்னொரு ஆவணம் வரும்வரை பென்சிலில் புள்ளிக்கோடாக வையுங்கள்.

ஸ்காட்லாந்துப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரோடு வருவது வழக்கம். தாய்வழியைத் தேடுபவர்களுக்கு இது பெரிய வரம்.

தேதிகளில், ஸ்காட்லாந்து 1600 முதலே ஜனவரி 1-ஐப் புத்தாண்டாக வைத்தது. இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது. இரு நாட்டு ஆவணங்களில் ஒரே நிகழ்ச்சி ஓராண்டு தள்ளி இருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

படி 7: ஒரே பெயர்க்காரர்களைப் பிரியுங்கள்

முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்பது அங்கே பரவலான வழக்கம். பெயரன் என்ற சொல்லே பேரன் ஆன மொழி நம்முடையது, இது நமக்குப் புதிதல்ல. அதனால்தான் ஆர்ச்சிபால்டுக்குப் பின் ஆர்ச்சிபால்டு வருகிறார். பெயரோடு ஆண்டையும் நிலத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

1870-க்குப் பிறகு சில காலம் இந்தியாவில் இரண்டு நேப்பியர் பிரபுக்கள் இருந்தார்கள். ஒருவர் நம் ஆளுநர். மற்றவர் படைத் தலைவர் ராபர்ட் நேப்பியர், மக்டாலாவின் நேப்பியர் பிரபு, கொழும்பில் பிறந்தவர். அவருடைய பட்டம் 1868-இல் தனியாக உண்டானது. நேப்பியர் என்ற பெயரில் மூன்றாமவர், இவர்களுக்கு முன்பே சிந்துவைப் பிடித்த சார்லஸ் நேப்பியர், ஆறாவது லார்டின் பேரன். ஆகவே அவரும் தந்தைவழியில் ஸ்காட்.

படி 8: குலக்கதையைத் தனியாக வையுங்கள்

லென்னாக்ஸ் ஏர்லின் மகன் ஒருவன் போரில் வீரம் காட்ட, 'இவனுக்கு நிகரில்லை' என்று அரசர் சொன்னாராம். 'நே பியர்' என்ற அந்தச் சொல்லே நேப்பியர் ஆனதாம். அழகான கதைதான். அரண்மனைத் துணிமணிகளைப் பார்த்துக்கொண்டவர் என்ற தொழில்பெயரிலிருந்து வந்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் கதையைக் கிழித்துப் போடாதீர்கள். லென்னாக்ஸ் கேடயத்தில் பெருக்கல் குறி வடிவச் சிலுவையும் நான்கு ரோஜாக்களும் உண்டு. நேப்பியர் கேடயத்திலும் அதே, சிலுவையின் ஓரம் மட்டும் வளைவு வளைவாக இருக்கும். இப்படிப்பட்ட சின்னங்களை 1672 முதல் எடின்பரோவில் லார்ட் லயன் நீதிமன்றம் பதிவுசெய்து வருகிறது. சின்னம் ஒரு தடயம், ரத்த உறவுக்குச் சான்று ஆகாது. தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி

டல்ஹவுசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் வாரிசு இல்லை என்று காரணம் காட்டி ஜான்சியும் நாக்பூரும் பறிபோனதும், 1855-இல் தஞ்சாவூர் அரச மரபு முடித்துவைக்கப்பட்டதும் அவர் தலைமை ஆளுநராக இருந்த காலத்தில். 1860-இல் அவர் மகன் இல்லாமல் இறந்தார். அவருடைய மார்க்விஸ் பட்டம் அன்றோடு மறைந்தது. ஆனால் டல்ஹவுசி ஏர்ல் பட்டம் மறையவில்லை, ஃபாக்ஸ் மால் என்பவருக்குப் போனது. டல்ஹவுசியின் குடும்பப் பெயர் ராம்சே, மற்றவருடையது மால், ஆனால் ஃபாக்ஸ் மால் டல்ஹவுசிக்குச் சித்தப்பா மகன். ராம்சே வீட்டில் பிறந்த சித்தப்பா எப்போது, எதற்காக மால் ஆனார்? ஏர்ல் பட்டத்தின் விதி என்ன, மார்க்விஸ் பட்டத்தின் விதி என்ன? ஸ்காட்ஸ் பியரேஜில் டல்ஹவுசி பக்கத்தைத் திறந்து, நான்கு நிறத்தையும் எடுத்து வரையத் தொடங்குங்கள்.