கட்டடத்தின் மீதுள்ள வரியை நிலத்துக்கு மாற்றுவது எப்படி: பென்சில்வேனிய நகரங்கள் காட்டும் வழி

காலி மனை ஒன்றின் விலை ஏறுவதற்கு அதன் உரிமையாளர் பெரும்பாலும் எதையும் செய்வதில்லை. பக்கத்தில் சாலை வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, மக்கள் குடியேறுகிறார்கள். விலை தானாக உயர்கிறது. இப்படி ஊரார் உண்டாக்கிய மதிப்பை வரியாக ஊருக்கே எடுத்துக்கொண்டு, உழைப்பின் மீதும் கட்டடத்தின் மீதும் உள்ள வரியை நீக்க வேண்டும் என்று ஹென்றி ஜார்ஜ் 1879-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவர் பிறந்த பென்சில்வேனியா மாநிலத்தின் சில நகரங்கள், நிலத்துக்கு உயர்ந்த விகிதமும் கட்டடத்துக்குக் குறைந்த விகிதமும் விதித்து, அந்தக் கொள்கையின் ஒரு பாதியையாவது நடைமுறைக்குக் கொண்டுவந்தன. தம் நகரத்திலும் இதைக் கேட்க விரும்பும் குடிமக்கள் குழு எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டம் இடம் தருகிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சொத்து வரி ஒரே சீரான விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அரசமைப்பே கூறுகிறது. பிட்ஸ்பர்க், ஸ்கிரான்டன் ஆகிய நகரங்களுக்குப் பென்சில்வேனியா 1913-இல் தனிச் சட்டம் இயற்றித்தான் வழி திறந்தது.

அடுத்தது மதிப்பீடு; உங்கள் உழைப்பில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். மதிப்பீட்டு ஏட்டில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனித் தொகை இருக்கும். ஆனால் வரி விகிதம் ஒன்றாக இருக்கும்வரை அந்தப் பிரிவினையை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால், அது பெரும்பாலும் குத்துமதிப்பாகவே எழுதப்பட்டிருக்கும். ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மனையின் நில மதிப்பையும் அதன் பரப்பளவால் வகுத்து, வரும் சதுர அடி மதிப்பை வரைபடத்தில் அந்தந்த மனையின் மேல் எழுதிப் பாருங்கள். முனை மனைக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆனால் ஒரே அளவுள்ள, அடுத்தடுத்த இரண்டு மனைகளில் ஒன்று 10 டாலர், மற்றொன்று 25 டாலர் என்று வந்தால் அது பிழை. அண்மையில் விற்ற காலி மனைகளின் விலையோடு ஒப்பிட்டு அதைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

பிறகு கணக்கு. நகரத்தின் மொத்த நில மதிப்பு 20 கோடி டாலர், கட்டட மதிப்பு 80 கோடி டாலர், இப்போதைய வரி 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருவாய் 1 கோடி டாலர். நிலத்துக்கு 3 சதவீதமும் கட்டடத்துக்கு 0.5 சதவீதமும் விதித்தால், 60 லட்சமும் 40 லட்சமும் சேர்ந்து அதே 1 கோடி கிடைக்கும். இனி அருகருகே உள்ள இரண்டு மனைகளைப் பாருங்கள். இரண்டிலும் நில மதிப்பு 2 லட்சம் டாலர். வாகன நிறுத்தமாகக் கிடக்கும் மனையின் வரி 2,000-லிருந்து 6,000 டாலராக உயர்கிறது. 18 லட்சம் டாலர் பெறுமான அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கும் மனையின் வரியோ 20,000-லிருந்து 15,000 டாலராகக் குறைகிறது. சொத்தின் மொத்த மதிப்பில் நிலத்தின் பங்கு நகரச் சராசரியான 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வரி கூடும், கீழே இருந்தால் குறையும் என்பதே இதில் உள்ள சூத்திரம்.

கூடுதல் வரியை வாடகையில் ஏற்றிவிடுவார்களே என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் எழும். வரி கூடியதால் நிலம் குறைவதில்லை. வாடகையைக் குடியிருப்போர் கொடுக்கும் சக்தியும் போட்டியும்தான் தீர்மானிக்கின்றன. மனையைச் சும்மா போட்டு வைத்திருப்பவருக்குத்தான் அதைப் பயன்படுத்தவோ விற்கவோ நெருக்கடி உண்டாகிறது என்று பொறுமையாக விளக்குங்கள்.

ஆயினும் நகர மையத்தில் சிறிய பழைய வீட்டில் வாழும் முதியவரை மறந்துவிடாதீர்கள். நிலம் 60,000, வீடு 60,000 டாலர் என்றால் அவருடைய வரி 1,200-லிருந்து 2,100 டாலராகிறது. நீதி கேட்டு எழுந்த இயக்கம் அவரைக் கைவிடுவது எனக்கு ஏற்புடையதன்று. வீடு கைமாறும்போது செலுத்தும்படி வரியை ஒத்திவைக்கும் விதியை முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். மாற்றத்தையும் ஒரே ஆண்டில் கேட்காதீர்கள். 1996-இல் வாக்காளர்களின் ஒப்புதலோடு இம்முறையை ஏற்ற ஆலன்டவுன், சில ஆண்டுகளில் படிப்படியாகத்தான் விகிதங்களை மாற்றியது.

மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியதும் குழுவைக் கலைத்துவிடக் கூடாது. பிட்ஸ்பர்க்கில் 1979, 1980 ஆண்டுகளின் உயர்வுக்குப் பின் நில விகிதம் கட்டட விகிதத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. 2001-இல் கவுண்டி (மாநிலத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட, மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) நிர்வாகம் செய்த மறுமதிப்பீட்டில் சில பகுதிகளின் நில மதிப்பு ஒரேயடியாக ஏற, மக்கள் கொதித்தெழுந்தனர். பல பத்தாண்டுகள் நின்ற முறையை நகரம் அந்த ஆண்டே கைவிட்டது. எனவே மதிப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்படி வற்புறுத்துங்கள்.

அல்டூனா நகரம் 2011-இல் தன் சொத்து வரி முழுவதையும் நிலத்தின் மீதே வைத்தது. 2016-இல் அதை விட்டுவிட்டது. வீட்டுக்காரர் கட்டும் மொத்தத் தொகையில் நகர வரி ஒரு பகுதிதான். கவுண்டியும், பள்ளிகளை நடத்தத் தனியாக வரி வசூலிக்கும் பள்ளி மாவட்டமும் பழைய முறையிலேயே வசூலித்ததால் பலன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே நகர மன்றத்தில் வைத்த அதே கணக்குத்தாளை, சட்டம் அனுமதிக்கும் இடங்களில், பள்ளி மாவட்டக் கூட்டத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள்.