அயர்ன் மெய்டன் 50: ஸ்டேடியத்தில் காசும் காதும் வீணாகும் இடங்கள்

'பந்திக்கு முந்து' என்பது ஸ்டேடியம் கச்சேரிக்குச் சரிப்படாது. 1975 கிறிஸ்துமஸ் நாளில் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய ஹெவி மெட்டல் இசைக்குழு அயர்ன் மெய்டன், ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தை 2025 மே 27 அன்று புடாபெஸ்டில் ஆரம்பித்தது. அதற்கு டிக்கெட் எடுப்பவர்களில் பலர், மேடைக்கு எவ்வளவு கிட்டே என்பதை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள். கிட்டே நின்றால் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் முகம் தெரியும். பாட்டு தெளிவாகக் கேட்குமா என்பது வேறு விஷயம்.

காரணம் எளிது. மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்கும் ஸ்பீக்கர் வரிசைகள் தூரத்தில் இருப்பவர்களைக் குறிவைத்துத் திருப்பப்பட்டவை. தடுப்புக் கம்பியை ஒட்டி நிற்பவரின் தலைக்கு மேலே அந்த ஒலி பறந்துவிடும். அவருக்குக் கிடைப்பது மேடை விளிம்பில் வைத்த சிறு ஸ்பீக்கர்கள், தரையில் அடுக்கிய பேஸ் (தாழ்ந்த ஒலி) பெட்டிகளின் அதிர்வு, மேடையிலிருந்தே நேராக வரும் டிரம்ஸ். இந்தக் குழுவில் கிடார் மூன்று: டேவ் மரே, ஏட்ரியன் ஸ்மித், யானிக் கெர்ஸ். மூன்றும் இழை பிரிந்து கேட்டால்தான் சுவை. முன்வரிசையில் அவை ஒன்றாகக் குழைந்துவிடும்.

நல்ல ஒலி வேண்டுமானால் மைதானத்தின் நடுவே ஒலிப் பொறியாளரின் மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவர் காதில் விழுவதை வைத்துத்தான் மொத்த ஒலியையும் சரிசெய்கிறார். அந்த மேசைக்கு நேர் பின்னால் நின்றால் கூடாரம் மறைக்கும். நாலைந்து மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள். நிற்கும் டிக்கெட்டின் உண்மையான லாபமே இப்படி இடம் மாற்றிக்கொள்ள முடிவதுதான். அதை வாங்கிவிட்டு மத்தியானத்திலிருந்து ஒரே இடத்தில் முளையடித்தது போல நிற்பது வீண்.

இன்னும் பின்னால் போனால் வேறொரு குழப்பம். ஆற்றுக்கு அக்கரையில் துணி அடித்துத் துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள்: கை கல்லில் இறங்கிய பிறகுதான் சத்தம் வந்து சேரும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு டிரம்ஸ் அடி 0.29 வினாடி தாமதமாகக் கேட்கும். திரையில் குச்சி இறங்கிவிடும், ஒலி பிறகு வரும். 'சிங்க் (படமும் ஒலியும் பொருந்துவது) சரியில்லை' என்று அங்கே பொறியாளரைத் திட்டுகிறார்கள். அவர் பிழை ஏதுமில்லை. மைதான நடுவில் நடும் கோபுரங்களில் உள்ள ஸ்பீக்கர்களை வேண்டுமென்றே அந்த அளவு தாமதித்து ஒலிக்க வைப்பதும் இதற்காகத்தான், மேடை ஒலியும் கோபுர ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். கோபுரத்தைத் தாண்டி நின்றால் இது பொருந்தும். கோபுரத்துக்கு முன்னால், மேடைப் பக்கமாக நின்றால் ஒவ்வோர் அடியும் இரண்டாகக் கேட்கக்கூடும். கோபுரத்தை ஒட்டி நின்றால் பார்வையும் போச்சு.

இருக்கை வாங்குபவர்கள் இரண்டு இடங்களைத் தவிர்க்கலாம். முதலாவது, மேல் தளம் கூரை போலத் தலைக்கு மேல் மூடும் கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகள்: அங்கே பேஸ் உருண்டு திரளும், குரலின் கூர்மை மழுங்கும். இரண்டாவது, மேடைக்குப் பக்கவாட்டில் விலை குறைவாக விற்கும் பகுதி. மெய்டனின் பழைய பயணங்களில் பின்னால் வரைதிரைகள் தொங்கின. இந்தப் பயணத்தில் அந்த வேலையைப் பெரிய எல்இடி திரை செய்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிகழ்ச்சியின் பாதிக் காட்சி கண்ணில் படாது. வரைபடத்தில் மேடையின் மையத்திலிருந்து 45 டிகிரிக்குள் வரும் இருக்கையாகப் பாருங்கள். லண்டன் ஸ்டேடியம் போல ஒலிம்பிக் ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டிய இடங்களில் இருக்கைகள் மைதானத்திலிருந்து இயல்பாகவே தள்ளி இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

காது விஷயத்தில் நடக்கும் அலட்சியம்தான் எல்லாவற்றிலும் மோசம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கான பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97-க்கு அரை மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கச்சேரி இடங்களுக்குப் பரிந்துரைத்த உச்ச சராசரியே 100 டெசிபல். அந்த அளவில் இரண்டு மணி நேரம் நின்றால் எட்டு நாள் பங்கை ஒரே ராத்திரியில் காதில் ஏற்றிக்கொள்கிறோம். 15 டெசிபல் குறைக்கும் காதடைப்பான் போட்டால் கணக்கு மறுபடி 85-க்கு வந்துவிடும்.

பஞ்சு வைப்பது ஏறக்குறைய ஒன்றும் வைக்காததற்குச் சமம். நுரை அடைப்பான் மலிவு, நன்றாகத் தடுக்கும்; ஆனால் கூர்மையான ஒலிகளை அதிகம் விழுங்குவதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். இசைக்கென்று வடிகட்டி வைத்துச் செய்தவை எல்லா ஒலியையும் ஏறத்தாழ சமமாகக் குறைக்கும். நுரைதான் என்றால் போடும் முறை முக்கியம்: விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய குச்சி போல ஆக்குங்கள், வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்பகுதியை மேலும் பின்னும் இழுங்கள், உள்ளே தள்ளி, நுரை விரியும்வரை 20–30 வினாடி விரலால் பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இரைச்சல் தொடங்கிய பிறகு தேடாமல், மெய்டனுக்கு முன்னால் வரும் துணைக் குழு வாசிக்கும்போதே போட்டுவிடுங்கள்.

எதிர்பார்ப்பிலும் ஒரு தவறு உண்டு. இந்தப் பயணத்தின் பாடல்கள் 1980 முதல் 1992 வரையிலான முதல் ஒன்பது ஆல்பங்களிலிருந்து மட்டுமே. 2000-க்குப் பிறகு வந்தவற்றைக் கேட்டு வளர்ந்தவர் இது தெரியாமல் போனால் ஏமாற்றம்தான். டிரம்ஸில் நிக்கோ மெக்பிரெய்னையும் தேடாதீர்கள். 2024 டிசம்பரோடு அவர் பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது சைமன் டாசன். 2025 பட்டியலில் 13 நிமிடத்துக்கும் மேல் ஓடும் 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்' இருந்தது. அதைக் கழிப்பறைக்குப் போகும் இடைவேளையாக நினைப்பவர்களும் உண்டு. அவர்களைத் திருத்த முடியாது.

டிக்கெட்டைத் திரைப்பிடிப்பு எடுத்து வைப்பது பழைய பழக்கம். பல இடங்களில் பார்கோடு சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறும், படம் செல்லாது. வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கைபேசிக் கோபுரத்தின் சிக்னலைப் பிடிப்பதால் செயலியும் திறக்காது. வீட்டிலேயே ஃபோனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். நிகழ்ச்சியைக் கைபேசி வழியே பார்க்க வேண்டாம் என்று மெய்டன் தரப்பே கேட்டுக்கொண்டிருப்பதால், பேட்டரியைத் திரும்பும் வழிக்கு மிச்சம் வைப்பதும் சுலபம்.

பையைப் பற்றி இவ்வளவு போதும்: பிரிட்டனில் பல ஸ்டேடியங்கள் ஏ4 தாளைவிடப் பெரியதை விடுவதில்லை, அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியங்களில் சுமார் 30x15x30 சென்டிமீட்டருக்குள் உள்ள, உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையே செல்லும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் லண்டனுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள், பிரிட்டனுக்குத் தனி விசா.

நேரத்தைக் கோட்டை விடுவது கடைசித் தவறு. ஐரோப்பிய நகரங்களில் ஒலியை நிறுத்தும் நேரம் உரிமத்தில் எழுதியிருக்கும். 2012 ஜூலை 14 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் அந்த நேரம் கடந்ததால், புகழ்பெற்ற பாடகர்கள் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் மேடையில் இருக்கும்போதே மைக் அணைக்கப்பட்டது. அதனால் இங்கே பெரும்பாலும் தாமதமாகத் தொடங்குவதில்லை. ஸ்பீக்கரில் யுஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' ஒலித்தால் மெய்டன் வரப்போகிறது என்று பொருள். அந்தப் பாட்டு கேட்கும்போது குளிர்பான வரிசையில் நின்றால் வரிசையை விட்டு ஓடி வரவேண்டியதுதான். கடைசியில் விளக்குகள் எரிந்து, மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் 'ஆல்வேஸ் லுக் ஆன் தி பிரைட் சைட் ஆஃப் லைஃப்' வந்துவிட்டால் இன்னொரு பாட்டு கிடையாது. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் அதன் முதல் வரியிலேயே நடையைக் கட்டலாம். அவசரமில்லாதவர்கள் நிலைய வரிசை கரையும்வரை இருக்கையில் உட்கார்ந்து அதையும் சேர்த்துப் பாடலாம்.