லிஃப்டில் ஏறி சைக்கிளில் இறங்கும் பைக் பார்க்: முதல் நாள் நடுக்கத்தைச் சமாளிப்பது எப்படி?

கோடையில் கனடாவின் விஸ்லர் மலையடிவாரத்துக்குப் போனால், பனிச்சறுக்குக்காகப் போட்ட, கம்பிவடத்தில் ஓடும் லிஃப்டில் சைக்கிள்கள் தொங்கிக்கொண்டு மேலே போவதைப் பார்க்கலாம். மிதித்து ஏறும் வேலையே கிடையாது. மேலே இறக்கி விடுவார்கள், மண்பாதையில் உருட்டிக்கொண்டு கீழே வரலாம், மறுபடியும் ஏறலாம். 1999இல் தொடங்கிய பார்க் இது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டோடும் முட்டியில் காய்ந்த சேற்றோடும் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும்.

அந்தக் கலக்கத்தோடு வாதாடிப் பயனில்லை. "பயப்படாதே, பயப்படாதே" என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்காது. நினைத்த இடத்தில் சைக்கிளை நிறுத்த முடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் தானாக அடங்கும். அதனால் இங்கே தைரியத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் பிரேக்கைப் பற்றி நிறையவும் எழுதப் போகிறேன். விஸ்லரை வைத்துச் சொல்கிறேன். வேறு பார்க் என்றால் பெரும்பாலும் பெயர்கள்தான் மாறும்.

சாதாரண சைக்கிளைத் தடுமாறாமல் ஓட்டத் தெரிந்தால் போதும், இதற்கு வேறு முன் அனுபவம் வேண்டாம்.

1. வரைபடத்தில் பச்சை எங்கே என்று பாருங்கள்

டிரெயில்களை, அதாவது இறங்கும் மண்பாதைகளை, நிறத்தால் பிரித்திருப்பார்கள். பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டைமண்ட் கடினம், இரட்டைக் கறுப்பு டைமண்ட் இருக்கும் பக்கமே போக வேண்டாம். விஸ்லரில் தொடக்கக்காரர்கள் முதலில் இறங்கும் பச்சை டிரெயிலின் பெயர் 'ஈஸி டஸ் இட்'. பி-லைன் நீலம். உலகம் முழுக்கப் பேர்போன ஏ-லைன் கறுப்பு. முழுக்க முழுக்கத் தாவல் மேடுகள். ஏ-லைன், பி-லைன் என்று பெயரைப் பார்த்துவிட்டு இரண்டும் அக்கா தங்கை என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த நிறங்கள் அந்தந்த பார்க்குக்குள் ஒப்பிட்டுப் போட்டவை. சின்ன மலையில் நீலத்தில் ஓட்டியிருக்கிறேன் என்பதற்காக விஸ்லரில் நேராக நீலத்துக்குப் போகக் கூடாது. எங்கே போனாலும் முதல் இறக்கம் பச்சையில்தான்.

2. சைக்கிளும் கவசமும் வாடகைக்கு எடுங்கள்

வீட்டில் இருக்கும் சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், அகலமான டயர் உள்ள பார்க் சைக்கிள் நீங்கள் செய்யும் தப்பில் பாதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். எடை கூடுதல்தான், ஆனால் தூக்கிக்கொண்டு ஏறப்போவது லிஃப்ட் தானே.

முழுமுக ஹெல்மெட், முட்டிக் கவசம், முழங்கைக் கவசம், விரல் மூடிய கையுறை, தட்டையான அடியுள்ள ஷூ. கடையில் உங்கள் எடையைக் கேட்பார்கள். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் சஸ்பென்ஷனில் காற்றழுத்தம் வைப்பார்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பியையோ மச்சானையோ அழைத்துப்போகிறீர்கள் என்றால், அவருடைய பயணக் காப்பீடு மலை இறக்க சைக்கிளுக்குச் செல்லுமா என்று முதலில் படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் இதை விலக்கு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

3. எந்தக் கை எந்தப் பிரேக்?

நம் ஊரில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது மிக முக்கியம். இந்தியாவிலும் இலங்கையிலும் பொதுவாக வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். கனடாவிலும் அமெரிக்காவிலும் தலைகீழ்: இடது கைதான் முன் பிரேக். பல வருடம் ஊறிப்போன கைப்பழக்கம் இறக்கத்தில் யோசிக்க நேரம் தராது. பின் பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினால், முன் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார்.

வாடகைக்கு எடுத்ததும் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, எந்த லீவரை அழுத்தினால் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். வலது கைதான் முன் பிரேக் என்று வேண்டுமானால் கடையில் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

4. ஏறுவதற்கு முன்னால் தரையில் அரை மணி நேரம்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போவார்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தாயிற்று, நேரம் போகிறதே என்ற அவசரம். நீங்கள் அவசரப்படாதீர்கள். இங்கே கற்றதுதான் மேலே பயத்தை அடக்கப் போகிறது.

சரி, முதலில் நிற்கும் நிலை. சீட்டை முழுக்க இறக்கிவிடுங்கள். இறக்கத்தில் உட்காரவே கூடாது. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, ஒரே மட்டத்தில் இருக்கட்டும். முழங்கால் மடங்கி, குதிகால் கொஞ்சம் கீழே இறங்கி, முழங்கை இரண்டு பக்கமும் அகன்று, நெஞ்சு தாழ்ந்து, தாடை ஹேண்டில்பாருக்கு நேர் மேலே. உடம்பின் பாரம் முழுவதும் பாதத்தில் இருக்க வேண்டும். கைகள் ஹேண்டில்பாரில் சும்மா தங்கியிருக்க வேண்டும்.

பயந்தவர்கள் இயல்பாகச் செய்வது இதற்கு நேர் எதிர். இடுப்பைப் பின் சக்கரத்துக்கு மேலே தள்ளி, கைகளைக் குச்சிபோல நீட்டிவிடுவார்கள். பள்ளத்திலிருந்து விலகி இருப்பது போல ஒரு ஆறுதல் கிடைக்கும். ஆனால் முன் சக்கரத்தில் பாரமே இல்லாமல் போகும். அது மண்ணைப் பிடிக்காது, திருப்பினால் திரும்பாது. வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று இன்னும் பின்னால் போவார்கள். அப்புறம் விழுவார்கள்.

அடுத்தது பிரேக். லீவரின் நுனியில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். மற்ற மூன்று விரல்களும் கைப்பிடியை விடவே கூடாது. மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, பின் பிரேக்கை மட்டும் அழுத்திச் சக்கரம் சறுக்கும்வரை போங்கள். சரக்கென்று சரளை தேய்கிற சத்தம் கேட்கும், பின்பக்கம் லேசாக ஆடும். விரலைத் தளர்த்தினால் உடனே நேராகிவிடும். இதைத் திரும்பத் திரும்பச் செய்து அந்த ஆட்டத்தைப் பழகிக்கொள்ளுங்கள். மேலே அது எதிர்பாராமல் நடந்தாலும் திடுக்கிட மாட்டீர்கள்.

பிறகு முன் பிரேக். நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. வெடுக்கென்று பிடிக்காமல் படிப்படியாக அழுத்துங்கள். அதே நேரம் குதிகாலைத் தாழ்த்தி, பாதத்தால் பெடலை முன்பக்கமாகத் தள்ளுங்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து. தரையில் ஒரு கல்லை வைத்து, அதன் பக்கத்தில் சரியாக நிற்கப் பாருங்கள். முதலில் தாண்டிப் போவீர்கள். கல்லருகே சொல்லிவைத்தது போல நிற்க முடிகிறபோது லிஃப்டுக்குப் போகலாம்.

5. லிஃப்ட்

விஸ்லரில் அடிவாரத்திலிருந்து கிளம்பும் ஃபிட்ஸிம்மன்ஸ் லிஃப்ட், கிராமத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் உயரம் ஏற்றிவிடும். சைக்கிளை எப்படி மாட்டுவது என்பது பார்க்குக்கு பார்க் மாறும். உங்களுக்கு முன்னால் இருக்கும் இரண்டு மூன்று பேர் செய்வதைப் பாருங்கள், ஊழியரிடம் முதல் தடவை என்று சொல்லுங்கள். கைகொடுப்பார்கள். போகும்போது கீழே எட்டிப் பாருங்கள். டிரெயில் போகிற போக்கு தெரியும். சில நாள் கறுங்கரடி புல் மேய்ந்துகொண்டிருக்கும், அது தன் வேலையைப் பார்க்கட்டும்.

6. மேலே இறங்கியதும் கிளம்பாதீர்கள்

கூடவே வந்த கும்பல் போகட்டும். ஓரமாக நின்று தண்ணீர் குடியுங்கள், ஹெல்மெட் பட்டையைச் சரிபாருங்கள், இரண்டு பிரேக்கையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வழி காலியானதும் பச்சை வட்டப் பலகையைக் கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

முதல் இறக்கத்தை ஒரே மூச்சில் முடிக்க நினைக்க வேண்டாம். சில வளைவுகளுக்கு ஒருமுறை நில்லுங்கள். எங்கே நிற்கிறோம் என்பது முக்கியம்: பாதையைவிட்டு முழுக்க வெளியே, மேலிருந்து வருபவர் தூரத்திலிருந்தே பார்க்கும் இடத்தில். மேட்டுக்குக் கீழேயோ வளைவு முடியும் இடத்திலோ நிற்கவே கூடாது.

பெர்ம் என்று சொல்லும் கரை உயர்த்திய வளைவுதான் புதியவர்களை முதலில் மிரட்டும். அதற்குச் சற்று முன்னால் மண் சின்னச் சின்ன அலையாக மடிந்து கிடக்கும். எல்லாரும் கடைசி நொடியில் பிரேக் பிடித்துப் பிடித்து உண்டான குழிகள் அவை. அதன்மேல் பிரேக்கை இறுக்கிக்கொண்டு போனால் பல் கிடுகிடுக்கும், டயர் மண்ணில் தங்காது. அலை தொடங்குவதற்கு முன்னாலேயே, சமமான மண்ணில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அலை வந்ததும் விரலை விட்டுவிட்டு முழங்காலையும் முழங்கையையும் தளர்த்துங்கள்; சைக்கிள் கீழே குதித்துக்கொள்ளட்டும், நீங்கள் அசையாமல் இருங்கள். வளைவுக்குள் நுழையும்போது பார்வை வளைவு முடியும் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். ஓரத்து மரத்தைப் பார்த்தால் சைக்கிள் மரத்துக்குத்தான் போகும். கழுத்தைத் திருப்புவது எளிதாகத் தோன்றும். பயத்தில் அதுதான் முதலில் விறைத்துப்போகும்.

வழி நெடுக பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதும் புதியவர்கள் வழக்கம். முன்கை கல்லாக இறுகி, விரலை மடக்கவே முடியாமல் போகும். நேரான இடத்தில் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறை, பிறகு முழுசாக விடு. பிடி, விடு. இந்தத் தாளம் வந்துவிட்டால் கை வலிக்காது.

இன்னொன்று மூச்சு. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், அது நமக்கே தெரியாது. ஏதாவது பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுங்கள். பாட்டு நின்றுபோன இடம்தான் உங்களுக்குப் பயம் பிடித்த இடம். அடுத்த முறை அதற்கு முன்னால் நின்று, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

7. பின்னால் சத்தம் கேட்டால்

பின் சக்கரத்தின் கிர்ர்ர் சத்தம் நெருங்கி வரும்போது பதறிப்போய் திடீரென ஓரம் கட்டுவார்கள். ஆபத்தே அதில்தான். முன்னால் போகிறவருக்குத்தான் வழி உரிமை. மோதாமல் பார்த்துக்கொள்வது பின்னால் வருபவர் பொறுப்பு. உங்கள் போக்கிலேயே நேராகப் போங்கள், வசதியான இடம் வந்ததும் ஒதுங்கி விடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட நன்றி சொல்லிக்கொண்டே உங்களைத் தாண்டிப் பறப்பார்கள். பறக்கட்டும்.

8. மேடு வந்தால் தாவ வேண்டாம்

ரோலர், டேபிள்டாப் இரண்டையும் தாவாமல் உருட்டிக்கொண்டே கடக்கலாம். ரோலர் என்பது உருண்டையான சின்ன மேடு, டேபிள்டாப் என்பது நடுவில் நிரப்பிய மேடு. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கினால் போதும். நடுவில் குழி விட்ட தாவல் மேடுகள் வேறு ரகம், அவற்றை உருட்டிக் கடக்க முடியாது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத எந்த மேட்டிலும் நின்று பாருங்கள். வேண்டாம் என்று தோன்றினால் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். யாரும் கணக்கெடுப்பதில்லை.

9. அதே டிரெயில், மறுபடியும்

கீழே வந்ததும் அடுத்த டிரெயிலைத் தேடாதீர்கள். அதே பச்சையில் திரும்பத் திரும்ப இறங்குங்கள். அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு பயப்பட விஷயம் குறைவு. முதல் நாள் முழுவதும் ஒரே டிரெயிலில் ஓட்டியவர் வீணடித்தார் என்று சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால் அவர்தான் காசை ஒழுங்காகச் செலவழித்தவர்.

யாருடன் போகிறீர்கள் என்பதும் இதில் இருக்கிறது. "ஒண்ணும் ஆகாது மச்சான், என் பின்னாலேயே வா" என்கிற நண்பர்தான் பார்க்கில் உள்ள பெரிய ஆபத்து. அவருக்குப் பழகிய வேகம் உங்களுக்கு ஒத்துவராது, அதை நண்பரிடம் சொல்லவும் வாய் வராது. கணவன் மனைவி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி நான் எழுதாமல் இருப்பதே நல்லது. விஸ்லரில் சைக்கிள், கவசம், லிஃப்ட் டிக்கெட், பயிற்சியாளர் எல்லாம் சேர்ந்த தொடக்க வகுப்புகள் இருக்கின்றன. விலை கூடத்தான். முதல் நாளுக்கு மட்டும் அதைப் போட்டுவிடுங்கள்.

10. விழுந்தால், களைத்தால்

விழுந்தால் முதலில் பாதையைவிட்டு நகருங்கள், சைக்கிளையும் நகர்த்துங்கள். எழ முடியவில்லை என்றால் மேலே சற்றுத் தொலைவில் யாரையாவது நிறுத்தி, வருபவர்களை எச்சரிக்கச் சொல்லுங்கள். பார்க்கின் மீட்புக் குழு எண்ணைக் காலையிலேயே போனில் போட்டுக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டு, தலைவலியோ குமட்டலோ பார்வை மங்கலோ இருந்தால் அன்றைக்கு ஓட்டுவது அவ்வளவுதான், மருத்துவரைப் பாருங்கள். ஹெல்மெட்டையும் மாற்ற வேண்டும்.

மலை ஆட்களிடம் "கடைசி ரவுண்டு" என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்ற நம்பிக்கை ஒன்று உண்டு. இன்னும் இரண்டு போவோம், கடைசியை விட்டுவிடுவோம் என்பார்கள். நம்பிக்கையோ இல்லையோ, கணக்கு சரிதான். சாயங்காலம் கை தளர்ந்திருக்கும், கவனம் போயிருக்கும், மனசு மட்டும் இன்னொன்று கேட்கும். கைவிரல் நடுங்கத் தொடங்கினால், டிக்கெட்டில் நேரம் மிச்சம் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

11. நீலத்துக்கு எப்போது?

பச்சை முழுவதையும் நிற்காமல் இறங்க முடிகிறதா? நினைத்த இடத்தில் சறுக்காமல் நிற்கிறீர்களா? கீழே வந்து சேரும்போது முன்கை வலி இல்லாமல், வழியில் பார்த்ததைச் சொல்ல முடிகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பி-லைனுக்குப் போகலாம். அங்கே முதல் தடவை ஆறாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்: கும்பலை விட்டுவிட்டு, சில வளைவுக்கு ஒருமுறை நின்று, மேடுகளை உருட்டிக்கொண்டு.